கைப்பேசியும் பிறர் நம்பிக்கையும்



2025 செப்டம்பர் மாதத்தில் பெங்களூருவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கன்னடத் திரைப்பட நடிகர் உபேந்திராவின் மனைவியும் நடிகையுமான பிரியங்கா இணையத்தில் ஒரு பொருளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அதை ஒப்படைப்பது தொடர்பாகப் பேசியவர், நட்சத்திரக் குறியும் எண்களும் ஹேஷ் குறியும் கொண்ட ஒரு குறியீட்டைக் கைப்பேசியில் அழுத்தச் சொன்னார். பிரியங்காவும் அழுத்தினார். சிறிது நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் கணக்கு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் பெயரிலேயே, "அவசரமாகப் பணம் வேண்டும்" என்று செய்தி போனது. சிலர் நம்பி அனுப்பியும் விட்டார்கள். "பணம் கேட்டு வந்தால் அனுப்பாதீர்கள்" என்று உபேந்திரா காணொளி வெளியிட்டு எல்லாருக்கும் சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணத்தை இழந்தவர்கள் குறியீட்டை அழுத்தியவர் அல்லர், அவர்மேல் அன்பும் நம்பிக்கையும் வைத்திருந்தவர்கள். "என் கைப்பேசியில் என்ன இருக்கிறது? வங்கிக் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. என்னிடம் வந்து எவன் திருடப் போகிறான்?" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. ஊடுருவுகிறவன் முதலில் தேடுவது நம் பணத்தை அல்ல, நம் பெயரை. நம் பெயரைக் கேட்டதும் கதவைத் திறக்கிற மனிதர்கள் எத்தனை பேர் என்பதே அவன் கணக்கு. ஆகவே கைப்பேசியைப் பூட்டி வைப்பது நம்மை நம்புகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. இந்தக் கோணத்தில் இதைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

பூட்டை உடைப்பதில்லை, சாவியைக் கேட்டு வாங்குகிறார்கள்

ஹேக்கர் என்றதும், இருட்டறையில் அமர்ந்து கணினித் திரையில் எண்களைத் தட்டும் ஒருவனைத் திரைப்படங்கள் காட்டுகின்றன. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் அப்படியல்ல. கேட்டவுடன் நாமே திறந்துவிடுகிறோம். அந்த வழிகளைத் தெரிந்துகொண்டால் பாதிப் பாதுகாப்பு வந்துவிடும்.

முதல் வழி, ஆறு இலக்க எண். ஒரு புதிய கைப்பேசியில் வாட்ஸ்அப்பை நிறுவி உங்கள் எண்ணை எவர் வேண்டுமானாலும் பதியலாம். அப்போது உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறுஞ்செய்தி வரும். அந்த எண்ணைப் பெறுகிறவருக்கே கணக்கு. "ஆன்ட்டி, தவறுதலாக உங்கள் நம்பருக்கு என் கோடு வந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்களேன்" என்று, ஏற்கெனவே பறிபோன உறவினர் கணக்கிலிருந்தே கேட்பார்கள். தெரிந்த பெயரும் தெரிந்த படமும் இருப்பதால் நாமும் அனுப்பிவிடுகிறோம். அடுத்த நிமிடம் நம் பெயரில் அடுத்த வீட்டுக்குச் செய்தி போகிறது. இப்படியே ஒரு அன்பியக் குழு முழுவதும் சங்கிலியாக விழுந்துவிடும்.

இரண்டாவது வழி, மேலே சொன்ன குறியீடு. நட்சத்திரம், 21, மீண்டும் நட்சத்திரம், அதன்பின் ஒரு கைப்பேசி எண், கடைசியில் ஹேஷ் என்று அழுத்தினால், நமக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குத் திருப்பி விடப்படும். அதற்காகவே உள்ள நியாயமான வசதி இது. மோசடிக்காரன் சொல்லி நாம் அழுத்தும்போது நம் அழைப்புகள் அவனிடம் போகின்றன. வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணைக் குறுஞ்செய்தியாக மட்டுமல்ல, தொலைபேசி அழைப்பாகவும் கேட்டுப் பெறலாம். அந்த அழைப்பு இப்போது அவன் காதில் ஒலிக்கிறது. நாம் யாருக்கும் எந்த எண்ணையும் சொல்லவில்லை, ஆனாலும் கணக்கு போய்விட்டது.

மூன்றாவது வழி, இணைக்கப்பட்ட சாதனங்கள். நம் வாட்ஸ்அப்பைக் கணினியிலும் பார்ப்பதற்கென்று ஒரு வசதி இருக்கிறது. சதுரக் குறியை ஸ்கேன் செய்தாலோ, எட்டு எழுத்துக் குறியீட்டைப் பதிந்தாலோ நம் உரையாடல்கள் இன்னொரு திரையிலும் விரியும். "உங்கள் புகைப்படம் இதில் இருக்கிறது பாருங்கள்" என்று வரும் லிங்க்கைத் தொட்டு, அது கேட்கிறபடி செய்தால் அந்த இன்னொரு திரை யாருடையது என்று நமக்குத் தெரியாது. நம் கணக்கு வழக்கம்போல் வேலை செய்வதால் எந்தச் சந்தேகமும் வராது. எங்கோ ஒருவன் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருப்பான்.

நான்காவது வழி, ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு. கல்யாண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கியின் கே.ஒய்.சி., ஓய்வூதியர்களுக்கான உயிர்வாழ் சான்று என்று பல வேடங்களில் வாட்ஸ்அப்பில் வரும். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்கும். ஏ.பி.கே. என்பது கைப்பேசியில் நிறுவப்படும் ஒரு செயலி. அதை நிறுவி, அது கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் சரி சரி என்று தட்டினால், நமக்கு வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்திகளை அதுவே படித்து அனுப்பிவிடும். "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் செய்தியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அழைத்தால், நம் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள்.

ஐந்தாவது வழி, சிம் கார்டு. நம் அடையாளச் சான்றின் நகலையோ பொய்ச் சான்றையோ காட்டி, நம் எண்ணுக்கு இன்னொரு சிம் வாங்கிவிடுவது. நல்ல சிக்னல் உள்ள இடத்தில் நம் கைப்பேசி திடீரென்று மணிக்கணக்கில் இணைப்பில்லாமல் கிடந்தால் இதையும் நினைக்க வேண்டும். உடனே வேறு கைப்பேசியிலிருந்து நிறுவனத்தை அழைத்துக் கேட்க வேண்டும்.

படம் இருக்கிறது, ஆள் இருக்கிறாரா?

கணக்கைப் பறிக்காமலேயே பெயரை மட்டும் திருடுவதும் உண்டு. நாம் மதிக்கும் ஒருவரின் படத்தை முகநூலிலிருந்து எடுத்து, புதிய எண்ணில் வைத்துக்கொண்டு, "நான் ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, ஒரு உதவி" என்று தொடங்குவார்கள். 2022-ஆம் ஆண்டு தமிழகக் காவல்துறையின் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு அவர்கள், உயரதிகாரி கேட்பதுபோல் பரிசுக் கூப்பன் வாங்கி அனுப்பச் சொல்லும் இந்த மோசடியைப் பற்றி எச்சரித்தார். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019-லேயே, பங்குக் குருக்கள், போதகர்கள், யூத ரபிகள் ஆகியோரின் பெயரில் விசுவாசிகளிடம் பரிசு அட்டை கேட்கும் மோசடி பரவுவதாக அறிவித்திருந்தது. அலுவலகத்தில் மேலதிகாரி, கோவிலில் பங்குத்தந்தை, வீட்டில் வெளிநாட்டிலுள்ள மகன். எங்கே "முடியாது" என்று சொல்லக் கூசுவோமோ, அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உங்கள் பங்குத்தந்தையின் படத்தோடு ஒரு புதிய எண்ணிலிருந்து ஏழைக் குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்கு என்று பணம் கேட்டால், தயங்காமல் பங்கு இல்லத்துக்கு அழைத்துக் கேளுங்கள். எந்தக் குருவும் அதைத் தவறாக நினைக்கமாட்டார்.

தொடக்கநூல் 27-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் கூடாரத்தில் நடந்தது நமக்குத் தெரியும். மீட்பு வரலாற்றில் அதற்கு ஆழ்ந்த பொருள் உண்டு. இங்கே அதன் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்போம். கண் பார்வை மங்கிய தந்தை. வந்திருப்பவன் ஏசாதானா என்று அவருக்கு ஐயம் வந்தது. குரல் பொருந்தவில்லை என்பதையும் உணர்ந்தார். ஆனால் தடவிப் பார்த்த கையில் ரோமம் இருந்தது. உடையில் வயல்வெளியின் மணம் இருந்தது. தட்டில் பிடித்த உணவு இருந்தது. பொருந்தாத ஒன்றைப் பொருந்திய மூன்றும் அமுக்கிவிட்டன. கூப்பிடு தூரத்தில் யாராவது ஒருவரை அழைத்து, "வந்திருப்பது யார் என்று பார்த்துச் சொல்" என்று அவர் கேட்கவில்லை.

நாமும் அப்படித்தான். எண் புதிது, பேச்சு நடை வேறு, வழக்கமாக "அம்மா" என்று எழுதும் மகள் "மம்மி" என்று எழுதுகிறாள். மனம் ஒரு கணம் தயங்குகிறது. படமும் பெயரும் அவசரமும் அந்தத் தயக்கத்தை அமுக்கிவிடுகின்றன. தயங்கும் அந்தக் கணமே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. பணம் கேட்டு யார் எழுதினாலும், நமக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய எண்ணுக்கு நாமே அழைத்துப் பேச வேண்டும். இன்று குரலையும் கணினியால் போலியாகச் செய்ய முடிகிறது. ஆகையால் வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்வது நல்லது. பாட்டி ஊர்த் தெருவின் பெயர், பழைய நாய்க்குட்டியின் பெயர் என்று வெளியில் எவருக்கும் தெரியாத ஒன்று. ஆபத்து என்று பேசுகிறவர் அந்தச் சொல்லைச் சொல்லட்டும்.

பணத்துக்காக மட்டுமல்ல

நம் கருவிக்குள் நுழைகிறவர் நம் பெயரில் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு, தமிழகக் கத்தோலிக்கர் எவரும் மறக்க முடியாத ஒரு நிகழ்வு இருக்கிறது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசி மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைத் தந்தை ஸ்டேன் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமையால் கைது செய்யப்பட்டார். வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று, 84-ஆவது வயதில், காவலில் இருந்த நிலையிலேயே மும்பை மருத்துவமனை ஒன்றில் இறந்தார். அவருடைய கணினியில் கிடைத்த கோப்புகளை அவருக்கு எதிரான சான்றுகளாக முன்வைத்தார்கள். 2022 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆர்சனல் கன்சல்டிங் என்ற கணினித் தடய ஆய்வு நிறுவனம், 2014 முதல் அவருடைய கணினிக்குள் வெளியார் ஊடுருவியிருந்தார்கள் என்றும், அந்தக் கோப்புகள் அப்படி வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்றும் அறிக்கை தந்தது. இது நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அல்ல, அவர் தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்பேரில் நடந்த ஆய்வின் முடிவு.

அந்த அறிக்கை குறிப்பிடும் நெட்வயர் என்ற மென்பொருள் இணையத்தில் விலைக்கு விற்கப்பட்ட ஒன்று. மின்னஞ்சல் இணைப்புகளாகவே அது பெரும்பாலும் பரவியது. பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து 2023 மார்ச்சில் அதன் விற்பனைத் தளத்தை முடக்கின. அதே போன்ற வேறு மென்பொருள்கள் இன்றும் உலவுகின்றன. நம்மில் பெரும்பாலோரை அந்த அளவுக்கு எவரும் குறிவைக்கப் போவதில்லை. என்றாலும், கருவிக்குள் இருப்பதெல்லாம் நம் வார்த்தையாகவே எடுத்துக்கொள்ளப்படும் காலம் இது என்பதை உணர வேண்டும்.

இளம்பெண்களின் இன்ஸ்டாகிராம் கணக்குக்குள் நுழைந்து, தனிப்பட்ட படங்களை எடுத்து மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். இப்படி ஒன்று நடந்தால் மகளிடம் "ஏன் அந்தப் படம் எடுத்தாய்?" என்று கேட்பதற்கு முன், "பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுத்தால் அவன் நிறுத்துவதில்லை, மேலும் கேட்பான். செய்தியையும் எண்ணையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் கொடுக்க வேண்டும். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற இணையதளத்தின் வழியாக, படத்தை எவரிடமும் கொடுக்காமலேயே, அது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் பரவாமல் தடுக்கக் கேட்கலாம். மனம் உடைந்தவர்களுக்கு 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். குழந்தைகளுக்கு 1098.

நாம் போட வேண்டிய பூட்டுகள்

கீழே உள்ளவற்றைச் செய்ய அரை மணி நேரம் போதும்.

1. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. செட்டிங்ஸ், அக்கவுண்ட் என்று உள்ளே சென்றால் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று இருக்கும். அங்கே நீங்களே ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் திருடினாலும், இந்த எண் தெரியாமல் உள்ளே வர முடியாது. பிறந்த தேதியை வைக்காதீர்கள். மின்னஞ்சல் முகவரியையும் அங்கே சேர்த்து வையுங்கள், மறந்தால் உதவும்.

2. இணைக்கப்பட்ட சாதனங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். தெரியாத கணினியோ கைப்பேசியோ இருந்தால் அங்கேயே வெளியேற்றிவிடலாம். மாதம் ஒருமுறை பாருங்கள்.

3. அழைப்புத் திருப்பம். நட்சத்திரம், ஹேஷ், 21, ஹேஷ் என்று அழுத்தினால் அழைப்புகள் வேறு எண்ணுக்குப் போகின்றனவா என்று தெரியும். ஹேஷ், ஹேஷ், 002, ஹேஷ் என்று அழுத்தினால் எல்லாத் திருப்பங்களும் நீங்கும். கைப்பேசியில் அழுத்தத் தகுந்த குறியீடுகள் இவைபோன்று நாமே தெரிந்துகொண்டவை மட்டுமே. அறியாதவர் சொல்லும் எதையும் அழுத்த வேண்டாம்.

4. மின்னஞ்சல். வங்கி, முகநூல், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றுக்கும் கடவுச்சொல்லை மறந்தால் மாற்று வழி மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. ஜிமெயில் போனால் பின்னாலேயே எல்லாம் போகும். ஆகவே அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லும், இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைப்பது, வீடு, பீரோ, கடை மூன்றுக்கும் ஒரே சாவி வைப்பதைப் போன்றது.

5. பழைய எண். பயன்படுத்தாமல் விட்ட எண்ணை நிறுவனம் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குத் தந்துவிடும். அந்த எண்ணை வங்கியிலும் ஜிமெயிலிலும் மாற்றாமல் விட்டால், உங்கள் ஓ.டி.பி. அந்தப் புதியவருக்குப் போகும். வெளிநாடு சென்ற பிள்ளைகள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

6. உங்கள் பெயரில் எத்தனை சிம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் உள்ள எண்களைப் பார்த்து, உங்களுடையது அல்லாததைப் புகார் செய்யலாம்.

7. புதுப்பித்தல். அப்டேட் என்று கைப்பேசி கேட்கும்போது தள்ளிப்போடாதீர்கள். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பதற்காகவே அது வருகிறது.

மின்சார ரயிலில் போன கைப்பேசி

நம் பகுதியில் இன்னொரு ஊடுருவலும் உண்டு. கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயிலில், படிக்கட்டு அருகே நின்று பேசுகிறவரின் கையிலிருந்து கைப்பேசி போகிறது. மாலை நேரத்துச் சண்முகம் சாலையிலோ, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் நெரிசலிலோ பையிலிருந்து போகிறது. போனது ஒரு பொருள் என்று நினைத்து, இரண்டு நாள் வருந்திவிட்டுப் புதிது வாங்கிவிடுகிறோம். எடுத்தவன் நம் சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டால், திரைப்பூட்டு எதுவும் அவனைத் தடுக்காது. நம் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கு வரும்.

இதைத் தடுக்க சிம்முக்கே ஒரு பின் எண் வைக்கலாம். செட்டிங்ஸில் சிம் லாக் என்று இருக்கும். நிறுவனம் முதலில் வைத்திருக்கும் எண் என்ன என்று சேவை மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும், எனவே ஊகித்து முயல வேண்டாம். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைத்து வையுங்கள்.

கைப்பேசி தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கச் சொல்லி நிறுவனத்துக்கு அழையுங்கள். அடுத்து வங்கிக்கு. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலோடு சஞ்சார் சாத்தி தளத்தில் கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்தால், அந்தக் கருவி இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம்மோடும் வேலை செய்யாதபடி முடக்கப்படும். அந்த எண்ணை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் திரையில் வரும்.

அந்நியர் மட்டுமா?

பழுது பார்க்கக் கொடுக்கும்போது பூட்டின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். படங்களும் உரையாடல்களும் முழுவதும் திறந்து கிடக்கின்றன. முடிந்தவரை நம் கண் முன்னே பழுது பார்க்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் தகவல்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, கருவியைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். பழைய கைப்பேசியை விற்கும்போதும் இதுவே விதி.

வீட்டுக்குள்ளும் இது நடக்கிறது. கணவரின் கைப்பேசியில் மனைவியும், மனைவியின் கைப்பேசியில் கணவரும் ரகசியமாகக் கண்காணிப்புச் செயலி போட்டு வைப்பது ஊடுருவலே. ஐயம் இருந்தால் பேசித் தீர்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு தேவை என்றால் அவர்களுக்குத் தெரிந்தே வைக்க வேண்டும். ஒளித்து வைத்த கண்காணிப்பு வெளிப்படும் நாளில், வீட்டில் நம்பிக்கை என்று எதுவும் மிஞ்சாது.

பங்கிலும் அன்பியத்திலும்

நம் பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களில் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவர் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பிறந்தநாள், திருமணநாள், மருத்துவமனையில் இருப்பவர் பெயர், வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயர் என்று அன்பினால் பகிர்கிறோம். மோசடி செய்கிறவனுக்கு இவையெல்லாம் கதை கட்டுவதற்கான பொருள்கள். அன்பியப் பொறுப்பாளர் ஒருவரின் கைப்பேசியில், முப்பது குடும்பங்கள் நம்பிச் சொன்ன துயரங்கள் இருக்கக்கூடும். யார் வீட்டில் கடன், யார் வீட்டில் பிரிவு, யாருக்கு என்ன நோய். அந்தக் கைப்பேசிக்குப் பூட்டில்லை என்றால் முப்பது வீடுகளுக்கும் பூட்டில்லை.

தனிநபர் தகவல் பாதுகாப்புக்காக நம் நாட்டில் 2023-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பிறர் தகவல் நம்மிடம் இருப்பது ஒரு பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. பங்களவில் சிலவற்றை முடிவு செய்யலாம். குழுவின் நிர்வாகிகள் அனைவரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருக்க வேண்டும். குடும்பப் பட்டியலை எண்களோடும் முகவரியோடும் குழுவில் போடக்கூடாது. காணிக்கைக்கோ உதவிக்கோ வங்கி விவரத்தைப் பங்கு அறிவிப்பில் மட்டுமே தர வேண்டும், தனிப்பட்ட செய்தியில் வருவதை நம்பக்கூடாது. குழுவில் ஒருவர் கணக்கு பறிபோனால் நிர்வாகி உடனே அந்த எண்ணை நீக்கிவிட்டு எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும்.

தனியாக வாழும் முதியோரை இளையோர் நினைத்துக்கொள்ள வேண்டும். தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டைப் பகுதிகளில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் பல. அவர்களுக்குக் கைப்பேசிதான் பிள்ளையின் முகத்தைக் காட்டும் ஜன்னல். ஞாயிறு திருப்பலிக்குப் பின் இளையோர் இயக்கத்தினர் ஒரு மேசை போட்டு, வருகிற தாத்தா பாட்டிமாரின் கைப்பேசியில் மேலே சொன்ன பூட்டுகளை அவர்கள் கையாலேயே போட வைக்கலாம். பின் எண்ணை அவர்களே அடிக்கட்டும், நாம் பார்க்க வேண்டாம்.

நேர்ந்துவிட்டால்

வாட்ஸ்அப் கணக்கு பறிபோனால் உடனே உங்கள் கைப்பேசியில் உங்கள் எண்ணையே மீண்டும் பதியுங்கள். அழைப்புகள் திருப்பிவிடப்பட்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். வரும் ஆறு இலக்க எண்ணை உள்ளிட்டதும் ஊடுருவியவர் வெளியேற்றப்படுவார். அவர் இரண்டடுக்கு எண் வைத்துவிட்டிருந்தால் நீங்கள் உள்ளே செல்ல ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் அவரும் உள்ளே இருக்க முடியாது. அதற்குள் தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது எடுக்கப்படும் முன் வழியிலேயே நிறுத்தி வைப்பதற்காகவே 2021 முதல் வங்கிகளையும் காவல்துறையையும் இணைத்து இந்த ஏற்பாடு இயங்குகிறது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தேசிய இணையதளத்திலும் புகார் பதியலாம். தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது, அதன் சைபர் குற்றப் பிரிவையும் அணுகலாம். வங்கிக்கும் அதே வேளையில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேரும் இழப்பு அவரைச் சாரும், தெரிவித்த பிறகு நேர்வது வங்கியைச் சாரும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருகிறது. பிறர் அடையாளத்தைத் திருடுவதும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின்படி மூன்று ஆண்டுகள்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

புகார் கொடுக்கத் தடையாக நிற்பது பெரும்பாலும் வெட்கமே. "படித்தவன் ஏமாந்தான் என்று சொல்வார்களே" என்று மறைத்துவிடுகிறோம். 2024 ஆகஸ்டில் கேரளத்தில், நிரணம் மறைமாவட்டத்தின் முன்னாள் ஆயரான யாக்கோபாய திருச்சபையின் கீவர்கீஸ் மார் கூறிலோஸ், விசாரணை அதிகாரிகள் என்று நடித்தவர்களிடம் சுமார் 15 லட்சம் ரூபாயை இழந்தார். அவர் மறைக்கவில்லை. காவல்துறையில் புகார் கொடுத்தார், செய்தி நாடெங்கும் வந்தது. எத்தனையோ பேர் அதைப் படித்து விழித்துக்கொண்டிருப்பார்கள். ஏமாற்றியவனே குற்றவாளி, ஏமாந்தவர் அல்லர். நம் வீட்டிலோ பங்கிலோ ஒருவர் இப்படி இழந்துவிட்டு வந்தால், அவரை நகைக்காமல் உட்கார வைத்து, 1930-ஐ நாமே அழைத்துக் கொடுப்பதே பிறரன்பு.

அன்புக்குரியவர்களே, நம் பெயரைப் பார்த்ததும் ஐயமின்றிக் கதவைத் திறக்கும் அத்தைமார், சித்தப்பாமார், நண்பர்கள், அன்பியக் குடும்பங்கள் இருக்கிறார்கள் என்பது இறைவன் தந்த பெரிய செல்வம். அதை வேறொருவன் செலவழிக்க விடக்கூடாது. இன்று மாலை குடும்ப செபம் முடிந்ததும் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளையும் மேசைமேல் வையுங்கள். முதல் மூன்று பூட்டுகளையாவது இன்றே போட்டுவிடுங்கள். நாளை பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஒருமுறை செய்து கொடுங்கள்.